வன்னியில் பேச்சுச் சிகிச்சை: ஒலியியலிலிருந்து தொடங்கவேண்டிய கல்வி

ஒவ்வோர் ஆண்டும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் எமது பெற்றோரின் பேச்சில் மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் ஆகிய மூன்று சொற்களே மாறி மாறி அடிபடுவது வழமை. பேச்சு மொழிச் சிகிச்சை என்றொரு தொழில் இருப்பதையும் அதற்கெனப் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று உள்ளதையும் அறிந்தோர் மிகச் சிலரே. அறிந்தவர்களிலும் பலர் அதனைத் திக்குவாய்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை என்ற அளவிலேயே விளங்கி வைத்திருக்கின்றனர். உண்மையில், பிறவியிலேயே அண்ணம் பிளந்த குழந்தை, செவிப்புலன் குறைந்த மாணவன், மூன்று வயதாகியும் பேசத் தொடங்காத பிள்ளை, ஓட்டிசம் உள்ள சிறுவன், பாரிசவாதத்தால் சொல் இழந்த முதியவர், தலையில் எறிகணைச் சிதறல் பாய்ந்ததால் வசனம் கோக்க முடியாது போனவர், உணவை விழுங்கச் சிரமப்படும் நோயாளி என இத்துறையினரை நாடி வரவேண்டியோரின் வரிசை நீளமானது. யுத்தத்தின் இறுதிக் காலத்தைத் தாங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அந்த வரிசை குறுகியதாக இருக்க நியாயமில்லை.

இலங்கையில் இத்துறைக்கான முறையான பயிற்சி அண்மைக் காலத்ததே. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் 1997ஆம் ஆண்டு டிப்ளோமா கற்கைநெறியாகத் தொடங்கப்பட்ட இது, 2008இல் நான்காண்டுப் பட்டக் கற்கைநெறியாக உயர்ந்தது. கற்பித்தல் ஆங்கில மொழிமூலம். தமிழில் பணியாற்றக்கூடிய சிகிச்சையாளர்கள் தேவையுடன் ஒப்பிடுகையில் மிகவும் குறைவு என்பது இத்துறையைச் சார்ந்தோர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடயம்.

எமது மாணவர் ஒருவர் இக்கற்கைநெறியில் சேர்ந்தால் உடற்கூற்றியலும் நரம்பியலும் அவருக்கு முற்றிலும் அந்நியமானவையாக இரா. உயர்தர உயிரியலின் தொடர்ச்சியாகவே அவை வரும். புதிதாக எதிரே நிற்பவை மொழியியலும் ஒலியியலுமே. பாடசாலையில் இவ்விரண்டின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்கமாட்டார். அவற்றை ஆங்கில நூல்களில் ஆங்கில ஒலிகளையும் ஆங்கில வசனங்களையும் உதாரணமாகக் கொண்டு கற்று, பரீட்சை எழுதிச் சித்தியெய்தி, பின்னர் ஒருநாள் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு தமிழ்ப் பிள்ளையின் முன் அமரும்போதுதான் தமது மொழியின் ஒலிகளைத் தாம் ஒருபோதும் உற்றுக் கேட்டதில்லை என்பது அவருக்குத் தெரியவரும். இத்தொழிலை விரும்பும் மாணவர் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே தமது தமிழைக் கொண்டு ஒலியியலைக் கற்கத் தொடங்கலாம், தொடங்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் மறக்கவேண்டியது ஒன்றுண்டு. எழுத்து வேறு, ஒலி வேறு. 247 எழுத்துகளை மனனம் செய்த நாம் எழுத்தையே ஒலி என்று நம்பிப் பழகிவிட்டோம். 'கல்' என்று சொல்லும்போது வரும் ககரம் ஓர் அடைப்பொலி. பின்னா மேலண்ணத்தை முற்றாக அடைத்து விடுகிறது. 'சங்கு' என்பதில் அதே எழுத்து குரல்நாண் அதிர ஒலிக்கிறது. 'மகன்' என்பதிலோ அடைப்பே இல்லை. காற்று உரசிக்கொண்டு செல்கிறது, பலர் வாயில் அது ஹகரத்துக்கு அண்மையிலேயே நிற்கிறது. ஓரெழுத்து, மூன்று ஒலிகள். ஆனால் இம்மூன்றும் தமிழில் பொருளை வேறுபடுத்துவதில்லை. இடம் நோக்கித் தாமாகவே மாறிக்கொள்கின்றன. எனவே மொழியியலாளர் இவற்றை ஓர் ஒலியனின் மாற்றொலிகள் என்பர். மறுபுறத்தில் ந, ன என்ற ஈரெழுத்துகளைப் பேச்சில் ஒலியால் வேறுபடுத்துவோர் அரிது. 'மனம்', 'மணம்' என்பவற்றிலோ ஓரொலி மாறப் பொருளே மாறிவிடுகிறது. இவ்வாறு ஓரொலியால் மட்டும் வேறுபடும் சொற்சோடிகளைத் தேடிப் பட்டியலிடுவது ஒலியனியலின் முதற் பயிற்சி. 'கல்' - 'கள்', 'அரை' - 'அறை' என்று மாணவர் தாமே தொடங்கலாம். பிற்காலத்தில் சிகிச்சை மேசையில் படங்களாக வைக்கப்படப்போகின்றவையும் இத்தகைய சோடிகளே. இரண்டு ஒலிகளையும் ஒன்றாக்கிப் பேசும் பிள்ளைக்கு, அதனால் பொருள் குழம்புவதைக் காட்டுவதே அந்தச் சிகிச்சையின் உத்தி.

ஒலிகள் பிறக்கும் இடத்தைப் பொறுத்தவரை தமிழ் மாணவர் வெறுங்கையுடன் தொடங்கவேண்டியதில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல், அடிவயிற்றிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நா, பல், இதழ், அண்ணம், மூக்கு ஆகியவற்றின் தொழிற்பாட்டால் வெவ்வேறு எழுத்துகளாகப் பிறப்பதை விளக்குகிறது. ககரத்துக்கு நாவின் அடியும் அண்ணத்தின் அடியும், சகரத்துக்கு இடைப்பகுதிகள், டகரத்துக்கு நுனிப்பகுதிகள் என அது வகுத்துச் செல்லும் முறை இன்றைய ஒலியியல் அட்டவணையின் வரிசையை ஒத்திருப்பது வியப்புக்குரியது. பாரிஸில் 1886இல் தொடங்கப்பட்ட சர்வதேச ஒலியியல் சங்கத்தின் குறியீட்டு முறையைக் கற்கும் தமிழ் மாணவருக்குப் பிறப்பியல் நல்ல நுழைவாயில். வகுப்பறைகளில் அது கற்பிக்கப்படும் விதம்தான் கவலைக்குரியது. சூத்திரத்தையும் உரையையும் ஒப்புவிக்கச் செய்த ஆசிரியர்கள் பலர்; விரலை வாய்க்குள் வைத்து 'ட' எங்கே பிறக்கிறது என்று பார்க்கச் சொன்னவர் எவரேனும் இருந்தால் அவருடைய மாணவர்கள் பாக்கியசாலிகள்.

பார்ப்பது எளிது. கண்ணாடி ஒன்று போதும். 'ப', 'ம' இரண்டிலும் இதழ்கள் ஒரே விதமாக மூடுகின்றன. வேறுபாடு மூக்கிலேயே உள்ளது. மூக்கைப் பொத்திக்கொண்டு 'மாமா' என்று சொல்லிப் பார்த்தால் அது விளங்கும். குரல்வளையில் விரலை வைத்து 'பாட்டு', 'தம்பி' என்று சொன்னால் முதற்சொல்லின் பகரத்தில் இல்லாத அதிர்வு இரண்டாம் சொல்லின் பகரத்தில் இருப்பதை உணரலாம். 'ல' சொல்லும்போது நாவின் நுனி ஒட்டிக்கொண்டிருக்கக் காற்று இரு மருங்கிலும் வழிகிறது. நாவை அப்படியே வைத்து மூச்சை உள்ளிழுத்தால் கன்னத்தருகே குளிர்வது தெரியும். இத்தகைய ஒரு வாரப் பயிற்சி, நூலொன்றின் மூன்று அத்தியாயங்களுக்கு ஈடானது என்பது எமது எண்ணம்.

இனி வன்னிக்கு வருவோம். இங்குதான் இக்கல்வி வெறும் பாடமாக இல்லாது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் விடயமாக மாறுகிறது.

'பத்து', 'பற்று', 'பட்டு' என்ற மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வழங்கும் தமிழில் இம்மூன்றும் மூன்று வெவ்வேறு அடைப்பொலிகளைக் கொண்டவை. முதலாவதில் நா பல்லைத் தொடுகிறது; இரண்டாவதில் பல்லுக்குச் சற்று மேலே ஈறு மேடிட்ட இடத்தைத் தொடுகிறது; மூன்றாவதில் வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. தமிழகத்துப் பேச்சில் நடு ஒலி பெரும்பாலும் மறைந்துவிட்டது. அங்கு 'காற்று' பேச்சில் 'காத்து' ஆகிறது, 'நேற்று' 'நேத்து' ஆகிறது. றகரத்தைத் தொல்காப்பியர் ஏன் வல்லினத்தில் வைத்து னகரத்துடன் இணைத்தார் என்பது எமது வயற்காரர் 'காற்று' என்று சொல்வதைக் கேட்டால் விளங்கும். அதேவேளை ழகரத்தை நாம் இழந்துவிட்டோம். 'பழம்' என்பதை 'பளம்' என்பதே எமது இயல்பான பேச்சு. 'கன்று' 'கண்டு' ஆவதும் 'மூன்று' 'மூண்டு' ஆவதும் அவ்வாறே. ஆகவே நான்கு வயதுப் பிள்ளை 'வாளைப்பளம்' என்று கேட்டால் அதன் நாவில் கோளாறு எதுவுமில்லை; தாய் பேசுவதைப் பிள்ளை பேசுகிறது. தமிழகத்தில் தயாரிக்கப்பட்ட ஒலிப்புச் சோதனையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் இந்தப் பிள்ளைக்கு ஒரு புள்ளி குறையும். 'பற்று' என்பதில் உள்ள ஒலி அப்பிள்ளைக்கு வாய்த்துள்ளதா என்பதையோ அந்தச் சோதனை கேட்கவே மாட்டாது.

அத்துடன் வன்னி ஒரே வழக்கைப் பேசும் நிலமுமன்று. முள்ளியவளை, நெடுங்கேணி போன்ற பழைய ஊர்களின் பேச்சு ஒன்று. குடியேற்றத் திட்டங்களுக்கூடாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றோரின் பேச்சு இன்னொன்று. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மக்களின் தமிழ் பிறிதொன்று. அவர்கள் வீட்டில் 'காத்து', 'வெத்தலை', 'கன்னுக்குட்டி' என்பவையே இயல்பான சொற்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் பிள்ளைகளை வளர்த்து, யுத்தம் முடிந்தபின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பேச்சையும் இத்துடன் சேர்க்கவேண்டும்.

தர்மபுரத்திலோ அதற்கு அண்மையிலோ உள்ள ஒரு முன்பள்ளியில் இரண்டு பிள்ளைகள் 'காத்து' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையின் தாய்வழிப் பாட்டி கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டில் எல்லோரும் 'காத்து' என்றே சொல்கின்றனர். அது வழக்கு வேறுபாடு. மற்றப் பிள்ளையின் வீட்டில் எல்லோரும் 'காற்று' என்கின்றனர். பிள்ளை மட்டும் மூன்று அடைப்பொலிகளை இரண்டாகக் குறைத்துப் பேசுகிறது. அது வயதுக்குரிய வளர்ச்சிக் கட்டமாகவும் இருக்கலாம், செவிப்புலன் குறைபாட்டின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். வாயிலிருந்து வருவது ஒரே சொல். இரண்டையும் பிரித்தறிய எந்த இயந்திரமும் உதவாது. வீட்டாரின் பேச்சைக் கேட்டு ஒலிக்குறியீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் இல்லாதவிடத்து முதற்பிள்ளை தேவையற்ற சிகிச்சைக்கு அனுப்பப்படும், அல்லது 'தோட்டத்துத் தமிழ்' என்று ஏளனம் செய்யப்படும். இரண்டாவது பிள்ளை 'போகப்போகச் சரிவரும்' என்ற ஆறுதலுடன் வீட்டுக்கு அனுப்பப்படும். இரண்டாவதே பெரிய ஆபத்து. காது கேளாத பிள்ளைக்கு இழந்த இரண்டு ஆண்டுகளைப் பின்னர் எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இதே காரணத்தால்தான் தமிழ் தெரியாத சிகிச்சையாளரை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் அமர்த்துவது முழுமையான தீர்வாகாது. சிங்கள எழுத்தில் இரண்டு ணகரங்களும் இரண்டு லகரங்களும் இருந்தாலும் இன்றைய சிங்களப் பேச்சில் அவை வேறுபடுவதில்லை. அந்தச் செவிக்கு 'மனம்', 'மணம்' இரண்டும் ஒன்றாகவே கேட்கும். மொழிபெயர்ப்பாளர் பொருளைச் சொல்வார்; பிள்ளை எந்த ஒலியைத் தவறவிட்டது என்பதை அவரால் சொல்ல முடியாது. இது எவரது குற்றமுமன்று. குழந்தைப் பருவத்திலேயே செவி தன் மொழிக்கு ஏற்பப் பழகிவிடுகிறது. எமது செவிக்கும் இதே நிலைதான். சிங்களத்தில் 'மலை' என்ற பொருளுள்ள சொல்லுக்கும் 'அடிமரம்' என்ற பொருளுள்ள சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு மூக்கொலியின் நீளம் மட்டுமே. தமிழர் பலருக்கு இரண்டும் 'கந்த' என்றே கேட்கும். வவுனியா தெற்கில் சிங்களப் பிள்ளைகளும் உள்ளனர். வவுனியாவில் பணியாற்றப்போகும் தமிழ்ச் சிகிச்சையாளர் அந்த அரை மூக்கொலியையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பிளவண்ணத்தைப் பொறுத்தவரை ஒலியியல் இன்னும் நேரடியாகப் பயன்படுகிறது. பேசும்போது மென்னண்ணம் மேலெழுந்து மூக்குப் பாதையை மூடினாலன்றி வாய்க்குள் காற்றழுத்தம் சேராது. அழுத்தம் சேராவிட்டால் ப, த, ட, க ஆகிய எவையும் பிறவா. அதனால் 'பட்டம்' என்பது 'மண்ணம்' போல ஒலிக்கும். சத்திரசிகிச்சை பிளவை மூடிவிடும். ஆனால் பழகிப்போன நாவையும் தொண்டையையும் அது திருத்தாது. அந்தப் பணி சிகிச்சையாளருடையது. தமிழகப் பேச்சில் 'மரம்' போன்ற சொற்களின் இறுதி மகரம் தேய்ந்து உயிரொலி மூக்கால் ஒலிப்பது இயல்பு. எமது வழக்கில் மகரம் பெரும்பாலும் முழுதாக ஒலிக்கிறது. ஆகவே எந்த அளவு மூக்கொலி இயல்பு, எந்த அளவு குறைபாடு என்பதற்கும் இடத்துக்கு இடம் அளவுகோல் வேறு.

செவிப்புலன் இழப்பும் அத்தகையதே. வெடியதிர்ச்சி செவிப்பறையைக் கிழிக்கும், உட்செவியையும் சிதைக்கும். உட்செவி சிதைவதால் பெரும்பாலும் முதலில் இழக்கப்படுவது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது; சகரம் போன்ற உரசொலிகளின் அடையாளம் உயர்ந்தவற்றில் உள்ளது. எனவே இத்தகையவர் 'சத்தம் கேட்கிறது, சொல்லுறது விளங்கேல்லை' என்பார். வீட்டார் அவரை அசட்டையானவர் என்று நினைப்பர். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் எறிகணை வீச்சுக்குள் இடம்பெயர்ந்து திரிந்த ஐந்து வயதுப் பிள்ளை இன்று இருபதைக் கடந்தவர். அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் வகுப்பில் 'கவனக்குறைவானவர்' என்ற பெயருடன் பாடசாலையை விட்டு விலகினர் என்ற கேள்வி எம்மை உறுத்துகிறது.

தலைக்காயமும் பாரிசவாதமும் ஏற்படுத்தும் பேச்சிழப்புக்கு ஒலியியல் மட்டும் போதாது. உருபனியலும் தொடரியலும் வேண்டும். 1861இல் பாரிஸில் போல் புறோக்கா என்ற மருத்துவர், ஒற்றை அசையைத் தவிர வேறெதனையும் சொல்ல இயலாதிருந்த நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்மூளையின் ஒரு பகுதிக்கும் பேச்சுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார். இவ்வகை நோயாளர் ஆங்கிலத்தில் பேசும்போது இணைப்புச் சொற்களையும் விகுதிகளையும் விட்டுவிட்டுத் தந்தி வாசகம்போலப் பேசுவர் என நூல்கள் கூறுகின்றன. ஆயினும் விகுதியை விட்டால் சொல்லே நில்லாத ஹீப்ரு போன்ற மொழிகளில் நோயாளர் விகுதியை விடுவதில்லை. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றைப் போடுகின்றனர் என்பதும் கண்டறியப்பட்டுள்ளது. தமிழில் 'வா', 'போ' என்ற ஏவல்கள் தனியே நிற்கும்; ஆனால் 'வந்தான்' என்பதில் 'ஆன்' நீங்கினால் எஞ்சுவது சொல்லன்று. ஆகவே எமது நோயாளரிடம் எதனைச் செவிமடுக்கவேண்டும் என்பதை ஆங்கில நூல் சொல்லித்தராது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை எனப் பத்தாம் வகுப்பில் சலிப்புடன் கற்ற பகுபத இலக்கணமே சொல்லித்தரும். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் எட்ட நிற்கும் எமது மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயலே வாழ்க்கையாக இருந்த ஒருவரிடம் 'நான் வயலுக்குச் செல்கிறேன்' என்று திருப்பிச் சொல்லுமாறு கேட்டால் அவர் தடுமாறுவது நோயாலா, அந்த வசனத்தை அவர் தம் வாழ்நாளில் ஒருபோதும் சொல்லியிராததாலா? 'வயலுக்குப் போறன்' என்று கேட்டுப் பார்த்தாலன்றி அது தெரியவராது.

இவற்றைக் கற்பதற்கான மூலவளம் எம்மிடம் இல்லாமலில்லை. பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் வழக்கையும் நுணுகி ஆராய்ந்தவர். பேராசிரியர் அ. சண்முகதாஸ் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இலங்கைப் பேச்சுத் தமிழை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். பேராசிரியர் எம். ஏ. நுஃமானின் 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' நவீன மொழியியல் நோக்கில் எழுதப்பட்ட, மாணவர் கையில் இருக்கவேண்டிய நூல். செக் அறிஞர் கமில் சுவலபில் 1960களிலேயே இலங்கைத் தமிழின் தனித்தன்மைகளை எழுதியுள்ளார். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' அன்றைய யாழ்ப்பாணப் பேச்சைப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. இவையெல்லாம் கலைப்பீட நூலகத்தில் கிடக்கின்றன. பேச்சுச் சிகிச்சைக்குச் செல்வோரோ பெரும்பாலும் விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள். ஒரே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துள் மொழியியல் ஒரு பீடத்திலும் மருத்துவம் இன்னொரு பீடத்திலும் இருக்க, இரண்டும் சந்திக்கவேண்டிய இந்தத் துறைக்குரிய மாணவர் ராகமைக்குச் சென்று ஆங்கிலத்தில் தொடங்கவேண்டியுள்ளது. கலைப்பட்டதாரிகள் வேலையின்றி வீதியில் இறங்கிப் போராடும் ஒரு மாகாணத்தில், மொழியியல் கற்றவர்களுக்குச் சிகிச்சையாளரின் உதவியாளராகவேனும் பயிற்சியளிப்பது பற்றி எவரும் உரிய கவனம் செலுத்தியதாகத் தெரியவில்லை.

பெரிய திட்டங்கள் வரும்வரை சிறியதொன்றைச் செய்யலாம். வன்னிப் பிள்ளைகள் மூன்று, நான்கு, ஐந்து வயதுகளில் எந்தெந்த ஒலிகளை எவ்வாறு சொல்கின்றனர் என்பதற்கான ஒலிப்பதிவுத் தொகுப்பு ஒன்று வேண்டும். முள்ளியவளையிலும் நெடுங்கேணியிலும் தர்மபுரத்திலும் நீராவிப்பிட்டியிலும் செட்டிகுளத்திலும் உள்ள முன்பள்ளிகளில் ஒரே படத்தொகுதியைக் காட்டி, பிள்ளை சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அதே சொற்களைத் தாயையோ பாட்டியையோ சொல்லவைத்து அருகருகே ஒலிக்குறியீட்டில் எழுதவேண்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் அவசியம். பிள்ளையின் பெயர் பதிவில் இருக்கலாகாது. படங்களைத் தெரிவதிலும் கவனம் தேவை. காற்று, வெற்றிலை, பட்டம், பத்து, கன்று, பழம், பள்ளம், அரிசி, குரங்கு, மரம் என ஒவ்வோர் ஒலியும் சொல்லின் முதலிலோ இடையிலோ கடையிலோ அமையுமாறு ஐம்பது சொற்கள் போதும். உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடைப்பட்ட காலத்தில் பத்து மாணவர்கள் ஒரு மொழியியல் விரிவுரையாளரின் வழிகாட்டலில் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம். முதலாவது முன்பள்ளி எது என்பதை வலயக் கல்வி அலுவலகத்துடனும் பிரதேச முன்பள்ளி ஆசிரியைகளுடனும் பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம்.